வீட்ல கேமுக்கு எவ்வளவு போகுது, மத்த பொழுதுபோக்குக்கு எவ்வளவு போகுது: கணக்கு பாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்க இருக்குறது சிங்கப்பூர்ல. ஜூன் லீவு முடிஞ்சு வந்த போன் பில்லு 200 வெள்ளி, அதாவது 200 சிங்கப்பூர் டாலர். எப்பவும் 50 சொச்சம் தான் வரும். பில்ல திறந்து கீழ வரைக்கும் இறக்கி பாத்தா 148 வெள்ளி கேம் டாப்-அப், அதாவது கேமுக்குள்ள சாமான் வாங்க ஏத்துற காசு, சின்ன சின்னதா, 4.98, 6.98, 14.98ன்னு. பையனுக்கு 14 வயசு. முந்தின ரெண்டு மாச பில்லயும் எடுத்து பாத்தேன், ஏப்ரல்ல 18, மே மாசம் 26 இருந்துச்சு, பேங்க் கணக்குல இருந்து ஜைரோல தானா கழிஞ்சு போனதால கண்ணுல படவே இல்ல. அன்னைக்கு ராத்திரி வீட்ல பெரிய சத்தம். அப்ப என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "அவன் 148 வெள்ளின்னு கணக்கு வச்சிருக்க, நாம எல்லாரும் சேந்து பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவு பண்றோம்னு உனக்கு தெரியுமாம்மா?" எனக்கு தெரியல. யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் உக்காந்து முழுசா கணக்கு போட்டேன். அதுல கத்துகிட்டத தான் இங்க படிப்படியா எழுதறேன், பிள்ளைங்க இருக்குற வீடுகளுக்கு உதவும்னு நம்பறேன்.

முன்னெல்லாம் இந்த கணக்கு ஈசி. டிவி இருந்தா வருஷத்துக்கு 110 வெள்ளி லைசன்ஸ், அப்புறம் கேபிள் பில்லு, தீபாவளிக்கு பொங்கலுக்கு ஒரு படம், முடிஞ்சது. 2011-ல அந்த லைசன்ஸ எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் பொழுதுபோக்கு செலவு ஒன்பது இடத்துல சிதறி போச்சு, ஒவ்வொண்ணும் சின்னதா இருக்கு, எதுவுமே பில்லு மாதிரி வீட்டுக்கு வர்றதில்ல.

முதல் படி: எது எல்லாம் பொழுதுபோக்குன்னு எழுதுங்க

இது தான் நிறைய பேரு தப்பு பண்ற இடம். கேம்னா உடனே பொழுதுபோக்கு, வீண் செலவுன்னு எழுதிடுவோம். ஆனா அப்பா எடுக்குற 4டி லாட்டரி நம்பர்? எல்லை தாண்டி ஜேபி (ஜோகூர் பாரு) போயி பவுலிங் விளையாடி சாப்ட்டு வர்றது? ஸ்டார் தியேட்டர்ல இசை நிகழ்ச்சி? பாட்டியோட சீரியல் பேக்கு? இதெல்லாம் "வீட்டு செலவு"ங்குற பேர்ல ஒளிஞ்சிருக்கும். எங்க வீட்ல என் வீட்டுக்காரர் புதன், சனி, ஞாயிறு மூணு நாளும் 6 வெள்ளிக்கு நம்பர் எடுப்பாரு. வாரத்துக்கு 18, வருஷத்துக்கு 936, மாசத்துக்கு 78 வெள்ளி. பரிசு விழுந்தத கழிச்சு பாக்கணும்னு அவர் சொன்னாரு, சரின்னு கழிச்சு பாத்தோம், அந்த வருஷம் பெருசா எதுவும் மாறல.

அதனால பேப்பர எடுத்து வீட்ல இருக்குற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி, அவங்கவங்க சந்தோஷத்துக்கு எங்க காசு போகுதுன்னு அவங்க வாயாலேயே சொல்ல சொல்லுங்க. பிள்ளைங்களையும் உக்கார வைங்க. அவங்க செலவ மட்டும் கேட்டா விசாரணை மாதிரி இருக்கும், பெரியவங்க செலவும் அதே பேப்பர்ல வந்தா மறைக்க மாட்டாங்க, எங்க வீட்ல அப்படி தான் நடந்துச்சு.

ரெண்டாவது படி: மூணு மாச பில்ல எடுங்க, ஒரு மாசம் போதாது

நம்ம புள்ளிவிவரத் துறை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பச் செலவு கணக்கெடுப்பு நடத்துறாங்க, அதுல குடும்பங்கள் ரெண்டு வாரத்துக்கு அன்னாட செலவ எழுதி வைக்கணும். ஆயிரக்கணக்கான குடும்பத்த வருஷம் முழுக்க மாத்தி மாத்தி எடுக்குறதால அவங்களுக்கு அது சரியா வரும், நம்ம ஒரு வீட்டுக்கு அது பத்தாது. ஏன்னா கேம் செலவு ஸ்கூல் லீவ ஒட்டி தான் ஏறும். மேல சொன்ன என் பையன் கணக்க பாருங்க, 18, 26, 148, கூட்டுனா 192, சராசரி மாசம் 64. மே மாசத்த மட்டும் பாத்திருந்தா பிரச்சனையே இல்லன்னு விட்டிருப்பேன், ஜூன மட்டும் பாத்திருந்தா வருஷத்துக்கு 1,800 வெள்ளி போகுதுன்னு பயந்திருப்பேன். அதனால மூணு மாசம், அதுல ஒண்ணு லீவு மாசமா இருக்கணும்.

எங்கெங்க தேடணும்னா, முதல்ல போன் பில்லு. ஆப் ஸ்டோர், கூகுள் பிளே ரெண்டுலயும் போன் பில்லோட சேத்து கட்டுற வசதி இருக்கு, பிள்ளைங்களுக்கு கார்டே தேவையில்ல. அடுத்து மின்னஞ்சல், ஆப்பிள் கூகுள் ரெண்டு பேரும் ரசீது அனுப்புவாங்க, பழைய ரசீதெல்லாம் தேடுனா கிடைக்கும். அப்புறம் கிரெடிட் கார்டு. கடைசியா ரொக்கம், இத தான் எல்லாரும் விட்டுடறாங்க. செவன் இலெவன்ல கேம் பின் கார்டு, கூகுள் பிளே கார்டு, கம்ப்யூட்டர் கேம் விக்குற ஸ்டீம் கடையோட கார்டு எல்லாம் விக்குது, தீபாவளிக்கு தாத்தா பாட்டி கைல கொடுக்குற காசு நேரா அங்க போயிடும், எந்த பில்லுலயும் வராது. அத பிள்ளைங்க கிட்ட அமைதியா கேட்டு தான் தெரிஞ்சுக்க முடியும்.

மூணாவது படி: கேம் செலவ நாலா பிரிங்க

"கேமுக்கு செலவு"ன்னு ஒரே வரியா எழுதாதீங்க. மெஷின், கேம் விலை, மாச சந்தா, டாப்-அப், நாலும் வேற வேற குணம்.

மெஷின் ஒரு தடவை செலவு, ஆனா பல வருஷம் வரும். பிளேஸ்டேஷன் 5 நம்ம ஊர்ல 2020 நவம்பர்ல வந்தப்ப டிஸ்க் போடுற மாடல் 729 வெள்ளி, டிஸ்க் இல்லாதது 599. எங்களது டிஸ்க் மாடல், அஞ்சு வருஷத்துக்கு பிரிச்சா மாசம் 12 வெள்ளி சொச்சம். கேம் வாங்குறது எங்க வீட்ல வருஷத்துக்கு மூணு, ஏறக்குறைய 240, அதாவது மாசம் 20. ஆன்லைன் சந்தா மாசம் 10 மாதிரி. இதெல்லாம் சேத்து 42, அதோட டாப்-அப் சராசரி 64, மொத்தம் 106 வெள்ளி.

கரண்ட் பில்லு பத்தி நிறைய பேரு கேக்குறாங்க. பிளேஸ்டேஷன் 5 ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் எடுக்கும்னு வச்சுக்கங்க, தினம் ரெண்டு மணி நேரம்னா மாசத்துக்கு 12 யூனிட், யூனிட் 30 காசுன்னு போட்டா 4 வெள்ளி கூட வராது. கதவ சாத்திகிட்டு ஏசி போட்டு விளையாடுறாங்க பாருங்க, அது தான் பில்ல ஏத்தும்.

இனி மத்தது. எங்க வீட்ல சீரியல் பேக்கு மாசம் 35, ஓடிடி ரெண்டு சேத்து 28, தியேட்டர் வருஷத்துக்கு அஞ்சு தடவை, போனா நாலு பேருக்கு டிக்கெட், பாப்கார்ன், வெளிய வந்து புரோட்டா எல்லாம் சேத்து 110 ஆகும், அத பிரிச்சா மாசம் 46. இசை நிகழ்ச்சி ஒண்ணு நாலு டிக்கெட் 512, மாசம் 43. 4டி 78. ஜேபி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 120, மாசம் 60. கூட்டுனா 290. கேமோட சேத்து 396.

அதாவது கேம் மொத்தத்துல நாலுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல. கணக்கு போடுறதுக்கு முன்னாடி நானும் என் வீட்டுக்காரரும் பாதிக்கு மேல இருக்கும்னு தான் நெனச்சோம். பையன் அந்த பேப்பர பாத்துட்டு எதுவும் சொல்லல, ஆனா முகம் மாறுனது எனக்கு தெரிஞ்சுது, ஒரு மாசமா அவன் தலைல மட்டும் தான் எல்லாத்தையும் போட்டுட்டு இருந்தோம்.

நாலாவது படி: மணி நேர கணக்கு, ஆனா அத மட்டும் நம்பாதீங்க

கேம் விளையாடுறவங்க எப்பவும் சொல்ற வாதம் இது. தியேட்டர்ல நாலு பேரு மூணு மணி நேரம், 12 மணி நேரம்னு எடுத்துகிட்டா 110 வெள்ளிக்கு ஒரு மணி நேரம் 9 வெள்ளிக்கு மேல வருது. 80 வெள்ளி கேம் 60 மணி நேரம் ஓடுனா மணிக்கு 1 வெள்ளி 33 காசு தான். பாட்டியோட சீரியல் தினம் அஞ்சு மணி நேரம்னா மாசம் 150 மணி, 35 வெள்ளிக்கு பிரிச்சா மணிக்கு 23 காசு, வீட்லயே மலிவு அது தான். கணக்கு சரி தான், நானும் ஒத்துக்கறேன், கேம் காசுக்கு ஏத்த பொழுதுபோக்கு தான்.

ஆனா இந்த அளவுகோல்ல ஒரு கோளாறு இருக்கு. எது நம்மள அதிக நேரம் பிடிச்சு வச்சுக்குதோ அது மலிவா தெரியும். பிள்ளை பரீட்சை நேரத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளையாடுனா மணிக்கு ஆகுற செலவு இன்னும் குறையும், அத லாபம்னு சொல்ல முடியுமா? அதனால நான் இன்னும் ரெண்டு கேள்வி சேத்துகிட்டேன். ஒண்ணு, இந்த தொகைய முன்கூட்டியே ஒரே தடவைல சொல்லி கேட்டிருந்தா சரின்னு சொல்லி இருப்போமா? ரெண்டு, இந்த நேரத்துல யாரு யாரோட இருந்தோம்? தியேட்டருக்கு 110 வெள்ளி கொடுத்தது படத்துக்கு மட்டும் இல்ல, அஞ்சு மணி நேரம் நாலு பேரும் ஒண்ணா இருந்ததுக்கு. அதே மாதிரி அண்ணனும் தங்கச்சியும் சோபால உக்காந்து ஒரு கேம ரெண்டு கன்ட்ரோலர்ல விளையாடுறதும் எனக்கு அந்த கணக்குல தான் வருது. முதல் கேள்விக்கு மத்த எல்லா செலவும் பாஸ் ஆச்சு, 4டி கூட பாதி பாஸ் ஆச்சு. டாப்-அப் மட்டும் தான் ஆகல.

அஞ்சாவது படி: டாப்-அப்ப தனியா புரிஞ்சுக்குங்க

இங்க தான் நேரம் எடுத்து படிக்கணும். 2019-ல உலகம் முழுக்க தியேட்டர் வசூல் ஏறக்குறைய 42 பில்லியன் அமெரிக்க டாலர், அதே வருஷம் கேம் வருமானம் அத மாதிரி மூணு மடங்குக்கு மேல. அதுல பாதி மாதிரி போன் கேம்ல இருந்து வருது, போன் கேம் பெரும்பாலும் இலவசம். இலவசமா கொடுத்துட்டு எப்படி இவ்வளவு காசு வருதுன்னா, விலைக்கு மேல் வரம்பு இல்லாததால தான். டிஸ்க் 80 வெள்ளின்னா 80 தான், தியேட்டர் டிக்கெட் 15ன்னா 15 தான். டாப்-அப்புக்கு அடி தெரியாது.

ஒரு உதாரணம், 2020-ல வந்த ஜென்ஷின் இம்பாக்ட். அத உலகம் முழுக்க வெளியிடுற ஹோயோவெர்ஸோட தலைமையகம் நம்ம சிங்கப்பூர்ல தான் இருக்கு. அதுல ஒரு புது கேரக்டர் வேணும்னா குலுக்கல் மாதிரி "விஷ்" போடணும், ஒரு விஷ்ஷுக்கு 160 கல்லு, கல்லு தான் அந்த கேமோட காசு. 90 விஷ்ஷுக்குள்ள அஞ்சு ஸ்டார், அதாவது உசந்த தர கேரக்டர் ஒண்ணு கண்டிப்பா வரும், ஆனா அது நாம கேட்டது தான்னு கண்டிப்பு இல்ல, வேற ஒண்ணு வந்துடுச்சுன்னா அடுத்த 90-க்குள்ள தான் கேட்டது உறுதி. ரொம்ப மோசமா போனா 180 விஷ், 28,800 கல்லு. பெரிய பேக்கு 6,480 கல்லு, போனஸ் 1,600 சேத்து 8,080, விலை 99.99 அமெரிக்க டாலர். அப்ப 28,800-க்கு 350 டாலருக்கு மேல ஆகும், ஒரு கேரக்டருக்கு. முதல் தடவை வாங்குனா அந்த போனஸுக்கு பதிலா 6,480 இரட்டிப்பா கிடைக்கும், விளையாடியும் நிறைய கல்லு சேக்கலாம், பொறுமையா இருக்குற பிள்ளைங்க காசே போடாம விளையாடுறாங்க, அதையும் சொல்லணும். அதே கேம்ல 4.99 டாலருக்கு ஒரு மாச கார்டு இருக்கு, உடனே 300, அப்புறம் தினம் உள்ள போனா 90 வீதம் 30 நாளைக்கு, மொத்தம் 3,000 கல்லு. பெரிய பேக்கு கணக்குல 3,000 கல்லு 37 டாலர் ஆகும். பிள்ளை கேட்டே ஆகணும்னா இந்த மாதிரி மாச கார்டு தான் வீட்டுக்கு நல்லது, அடுத்த மாசம் என்ன ஆகும்னு தெரியும், ஆனா தினம் உள்ள போகலன்னா அன்னைக்கு கல்லு போச்சு, அந்த பழக்கத்தையும் யோசிச்சுக்குங்க.

காச கல்லா, டைமண்டா, ரோப்லாக்ஸ் கேமோட ரோபக்ஸா மாத்துறதுக்கும் காரணம் இருக்கு. 14.98 வெள்ளின்னு பாத்தா கை தயங்கும், அதையே டைமண்டுன்னு பாத்தா தயங்காது. அதனால நான் பையனோட உக்காந்து ஒரு வேலை பண்ணேன், அவன் வாங்குன ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் (கேரக்டருக்கு போடுற உடுப்பு) பக்கத்துல வெள்ளில விலை எழுத வச்சேன். திட்டல, எழுத மட்டும் வச்சேன். பாதில அவனே பேனாவ வச்சுட்டு, "அம்மா, இந்த ரெண்ட நான் போடவே இல்ல"ன்னான்.

ஆறாவது படி: பூட்டு போடுங்க, எந்த பூட்டு எங்க வேலை செய்யாதுன்னும் தெரிஞ்சுக்குங்க

போன் கம்பெனிக்கு போன் பண்ணி ஆப் ஸ்டோர் செலவ பில்லோட சேக்குற வசதிய நிறுத்த சொல்லுங்க. எனக்கு முதல் தடவை சரியான பதில் கிடைக்கல, இந்த டிபார்ட்மெண்ட் இல்ல அந்த டிபார்ட்மெண்ட்னு 40 நிமிஷம் அலைய விட்டாங்க, ரெண்டாவது தடவை எழுத்துல கேட்டதும் நடந்துச்சு, அதனால எழுத்துலயே கேளுங்க.

ஐபோன்னா குடும்ப பகிர்வுல பிள்ளை கணக்க சேத்து, வாங்குறதுக்கு முன்னாடி அனுமதி கேக்குற வசதிய போடுங்க, பிள்ளை அமுக்குனா உங்க போனுக்கு வரும். ஆண்ட்ராய்டுல கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப்புல இதே மாதிரி இருக்கு. ரோப்லாக்ஸ்ல பெற்றோர் கணக்கு வழியா மாச வரம்பு வைக்கலாம். ஆனா கவனிங்க, கூகுள் அனுமதி கூகுள் பிளே வழியா கட்டுற காசுக்கு மட்டும் தான். வெளிய இருக்குற டாப்-அப் வெப்சைட்டுக்கு போயிட்டா இந்த பூட்டு எதுவும் தடுக்காது. அதனால கைச்செலவு காசு பத்தியும் பேசி வைக்கணும்.

டெலிகிராம்ல, பழைய சாமான் வாங்கி விக்குற கேரோசெல் ஆப்புல பாதி விலைக்கு டைமண்ட் தர்றேன்னு வர்றவங்க கிட்ட போக வேணாம்னு பிள்ளைங்களுக்கு தெளிவா சொல்லுங்க. காச வாங்கிட்டு மறையுறது ஒண்ணு, கேம் பாஸ்வேர்ட கேட்டு கணக்கையே எடுத்துட்டு போறது இன்னொண்ணு. சந்தேகமா இருந்தா 1799-க்கு போன் பண்ணுங்க, ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது.

தெரியாம வாங்கிட்டா சீக்கிரம் கேளுங்க. கூகுள் பிளேன்னா 48 மணி நேரத்துக்குள்ள கேக்குறது நல்லது. ஆப்பிள்ல பிரச்சனைய புகார் பண்ற பக்கம் தனியா இருக்கு. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு குறைவா விளையாடி இருந்தா திருப்பி கொடுத்துடுவாங்க. நான் மூணு வாரம் கழிச்சு கேட்டேன், 148-ல 14.98 மட்டும் திரும்பி வந்துச்சு.

ஏழாவது படி: வாங்கறதையே மலிவா வாங்குங்க

இது சின்ன விஷயம், சுருக்கமா சொல்றேன். டிஸ்க்கா வாங்குனா முடிச்சதும் கேரோசெல்ல வித்துடலாம், டிஜிட்டலா வாங்குனா முடியாது, அதனால மெஷின் வாங்கும்போதே டிஸ்க் மாடல் எடுங்க. ஸ்டீம்ல ஜூன் கடைசிலயும் டிசம்பர் கடைசிலயும் பெரிய சேல் வரும், ரெண்டும் நம்ம ஸ்கூல் லீவ ஒட்டியே வருது. எபிக் ஸ்டோர்ல வாரா வாரம் ஒரு கேமாவது இலவசமா கொடுக்குறாங்க. நிண்டெண்டோ சொந்த கேம் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது, அதுக்கு காத்திருக்காம பழசா வாங்கறது மேல். வெளிநாட்டுல ஆர்டர் பண்ணா ஜிஎஸ்டி இல்லன்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க, அது பழைய கதை. டிஜிட்டல் சேவைக்கு 2020-ல இருந்தும், விமானத்துல தபால்ல வர்ற 400 வெள்ளி வரைக்குமான சாமானுக்கு 2023-ல இருந்தும் ஜிஎஸ்டி உண்டு, இப்ப 9 விழுக்காடு.

எட்டாவது படி: குறைக்கறதுக்கு முன்னாடி, அந்த நேரத்துல என்ன பண்ணுவாங்கன்னு யோசிங்க

ஜூலைல நாங்க கேம முழுசா நிறுத்திட்டோம். செலவு குறையல. ஸ்கூல் முடிஞ்சு கூட்டாளிங்களோட மால் போனான், பபிள் டீ, சிக்கன், ஒரு படம், ரெண்டு வாரத்துல 60 வெள்ளி. நிறுத்துன நேரம் எங்கயாச்சும் போயி தான் ஆகும், சிங்கப்பூர்ல பெரும்பாலான இடத்துல அதுக்கு காசு கேப்பாங்க.

காசு கேக்காத இடமும் இருக்கு, அத முதல்லயே தேடி வைங்க. கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம், தேசிய அரும்பொருளகம் எல்லாம் குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிகள்) நிரந்தர கூடங்கள் இலவசம். நூலக ஆப்புல தமிழ் மின்னூல் இரவல் எடுக்கலாம், மீவாட்ச் ஆப்புல வசந்தம் தமிழ் சேனல் நிகழ்ச்சி இலவசமா பாக்கலாம், நவம்பர் மாதிரி எஸ்பிளனேட் கலையரங்கத்துல கலா உற்சவம்ங்குற இந்திய கலை விழா நடக்கும்போது இலவச நிகழ்ச்சியும் இருக்கும். 18 வயசுக்கு மேல உள்ள குடிமக்களுக்கு எஸ்ஜி கலாசார பாஸ்ல, கலை நிகழ்ச்சிக்கு செலவு பண்ண, அரசாங்கம் 100 வெள்ளி போட்டிருக்காங்க, 2028 டிசம்பர் கடைசி வரைக்கும் செல்லும். எங்க வீட்ல மூணு பெரியவங்களுக்கு 300 வெள்ளி, அடுத்த நாடகத்துக்கு அதுல தான் டிக்கெட்.

இப்ப எங்க ஏற்பாடு இது தான். டாப்-அப்புக்கு மாசம் 20 வெள்ளி, லீவு மாசத்துல 35, மிச்சம் வச்சா அடுத்த மாசத்துக்கு சேரும், கடன் கிடையாது. 4டி ஞாயித்துக்கிழமை மட்டும். ரெண்டு வரம்பும் ஒரே பேப்பர்ல, பிரிட்ஜ் கதவுல. பையன் செப்டம்பர்ல 20-ம் செலவு பண்ணல, டிசம்பர் சேலுக்கு சேக்குறானாம்.

நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா நவம்பர்ல வருஷ கடைசி லீவு ஆரம்பிக்கும் முன்னாடியே போன் பில்லு பூட்ட போட்டுடுங்க, ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பில்ல ஒரு பக்கம் எடுத்து வைங்க, செப்டம்பர் லீவும் அதுல வந்துடும். முதல் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் உக்காருங்க, பேப்பர்ல முதல்ல உங்க பேர எழுதுங்க.